பிரபஞ்சத்தின் கடைசி நாளுக்குப் போகிறவள் என்ன பார்ப்பாள்?

உங்கள் கேள்வியில் மூன்று கேள்விகள் இருந்தன. காலப் பயணக் கதை ஒன்று எழுதுகிறீர்கள். நாயகி தன் இயந்திரத்தில் பிரபஞ்சத்தின் கடைசி நாளில் போய் இறங்குகிறாள். அங்கே அவள் கண்ணில் என்ன படும், இதை முன்பே யாராவது சரியாக எழுதியிருக்கிறார்களா, அவளால் திரும்பி வர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வகைக் கதைகளைப் பல வருடங்களாகத் தேடிப் படிக்கிறவன் நான். கூடவே அவற்றின் பின்னால் இருக்கும் இயற்பியலையும் படித்து வருகிறேன். அதனால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கதைக்குச் சிக்கல் தரும் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய அறிவியல் பெரும்பாலும் ஏற்கும் சித்திரத்தில் 'கடைசி நாள்' என்று ஒன்று கிடையாது. பிரபஞ்சம் சாகிறது, ஆனால் எந்த நாளில் செத்தது என்று யாராலும் சொல்ல முடியாதபடி சாகிறது. விளக்கு அணைவதைப் போல அல்ல, சூடான பாத்திரம் ஆறுவதைப் போல. எந்த நொடியில் ஆறி முடிந்தது என்று கை வைத்துச் சொல்ல முடியுமா? முடிவுக்குத் தேதியே இல்லாத இடத்துக்கு, தேதி குறித்துப் போகிற இயந்திரம் எப்படிப் போய்ச் சேரும்? உங்கள் கதையின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு முன் எழுதியவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் இதைச் சமாளித்தாக வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் காலத்து இயற்பியல் எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவு தூரம் போனார்கள்.

எச்.ஜி.வெல்ஸிலிருந்து தொடங்குகிறேன். 1895-இல் வந்த 'தி டைம் மெஷின்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 8,02,701-ஆம் ஆண்டும், அங்கே வாழும் எலாய், மோர்லாக் என்ற இரண்டு இனங்களும்தான். எனக்கு அதைவிடப் பெரியவை அதற்குப் பின் வருகிற சில பக்கங்கள். பயணி இன்னும் முன்னே, இன்னும் முன்னே என்று போய், மூன்று கோடி ஆண்டுகளுக்கும் அப்பால் ஒரு கடற்கரையில் நிற்கிறார். சிவந்து மங்கிய சூரியன் வானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிறது. பூமி ஒரே முகத்தை அதற்குக் காட்டியபடி ஓய்ந்துவிட்டது. பாறைகளில் பாசியைத் தவிர உயிரின் அடையாளம் இல்லை. கிரகணம் பிடிக்கிறது, பனி விழுகிறது, காற்று கூர்மையாகிறது. அப்போது கால்பந்து அளவில், தொங்கும் உணர்கரங்களோடு, கரிய உருண்டை ஒன்று கரையோரத்தில் தத்தித் தத்தி நகர்வதைப் பார்க்கிறார். அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு வசனம் இல்லை. இதுவரை எழுதப்பட்ட முடிவுக் காட்சிகளில் இதற்கு ஈடாக நான் வேறு எதையும் வைக்க மாட்டேன்.

ஏன் மூன்று கோடி? அந்த எண் வெல்ஸின் தனிக் கற்பனை இல்லை. 1852-இல், பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன், இயற்கையில் பயன்படு ஆற்றல் எப்போதும் சிதறிக்கொண்டே போகிறது என்று எழுதினார். 1854-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதைப் பிரபஞ்சம் முழுவதற்கும் விரித்து, எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்து எதுவுமே நடக்காத நிலையில் முடியும் என்றார். 'வெப்ப மரணம்' என்ற சொல்லின் பின்னால் இருப்பது இதுதான். பெயரைப் பார்த்து, எரிந்து சாவது என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெப்ப வேறுபாடு என்பதே இல்லாமல் போவதுதான் அந்த மரணம். 1862-இல் கெல்வின் சூரியனின் வயதைக் கணக்கிட்டார். சூரியன் தன் எடையால் தானே சுருங்கிச் சூடாகிறது என்பதுதான் அன்று கிடைத்த ஒரே நல்ல விளக்கம். அந்தக் கணக்கில், இன்னும் பல கோடி ஆண்டுகளுக்கு அது ஒளி தருவது கடினம். சார்ல்ஸ் டார்வினின் மகன் ஜார்ஜ் டார்வின், அலைகளின் உராய்வால் பூமியின் சுழற்சி மெல்லக் குறைகிறது என்று காட்டினார். வெல்ஸ் கதைக்குள்ளேயே 'இளைய டார்வின்' என்று அவரைக் குறிப்பிடுகிறார். ஆக, அந்தக் கடற்கரை முழுக்க முழுக்க அன்றைய அறிவியலின் நிலம்.

கெல்வின் நேர்மையாக ஒரு சந்து விட்டுவைத்திருந்தார்: நமக்கு இன்னும் தெரியாத ஏதாவது ஆற்றல் ஊற்று இருந்தாலொழிய என்று. வெல்ஸின் கதை வந்த மறு வருடமே, 1896-இல், பெக்கரல் கதிரியக்கத்தைக் கண்டுபிடித்து அந்தச் சந்தினைத் திறந்துவிட்டார். 1939-இல் ஹான்ஸ் பெத்தே அணுக்கரு இணைவால் விண்மீன்கள் எப்படி எரிகின்றன என்று விளக்கியபோது சூரியனின் ஆயுள் கோடிகளிலிருந்து நூற்றுக்கணக்கான கோடிகளுக்குத் தாவியது. இன்றைய கணக்கில் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் அதற்கு உண்டு. கடைசியில் அது சிவந்து பெருக்கும் என்பதும் உண்மை. ஆனால் வெல்ஸின் பூமி குளிர்ந்து சாகிறது; நிஜ பூமி அதற்கு வெகு முன்பே, சுமார் 100 கோடி ஆண்டுகளில், கடல் வற்றும் அளவுக்குச் சூடேறிவிடும். நிறம் சரி, காரணம் தலைகீழ். இருந்தும் அந்தப் பக்கங்கள் பொய்யாகிவிடவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வெல்ஸ் காட்டியது பூமியின் முடிவைத்தான். இன்னும் தூரம் போனவர் வில்லியம் ஹோப் ஹாட்சன். 1908-இல் வந்த 'தி ஹவுஸ் ஆன் தி பார்டர்லேண்ட்' நாவலில் இயந்திரமே கிடையாது. ஒருவர் தன் அறையில் உட்கார்ந்திருக்க, ஜன்னலுக்கு வெளியே காலம் வேகம் பிடிக்கிறது. பகலும் இரவும் மின்னி மின்னி ஒன்றாகக் கலக்கின்றன. பக்கத்தில் படுத்திருந்த நாய் தூசாகிறது. பிறகு தன் உடலே நாற்காலியில் தூசாகிக் கிடப்பதை அவர் பார்க்கிறார். சூரியன் அணைகிறது, பார்வை மட்டும் மிச்சம். நடுவில் கதை கொஞ்சம் தடுமாறுகிறது என்பது என் கருத்து. ஆனால் அந்த நாயின் தூசு மறக்காது. பார்க்கிறவனின் உடல் என்ன ஆகும் என்ற கேள்வியை எழுப்பியதற்காகவே அதை நீங்கள் படிக்க வேண்டும்.

அடுத்து வந்தது கதாசிரியர்களுக்கு அதிர்ஷ்ட காலம். பிரபஞ்சம் விரிகிறது என்று 1929-இல் ஹப்பிள் காட்டிய பிறகு ஒரு வாய்ப்பு பிறந்தது: போதுமான பொருள் இருந்தால் ஈர்ப்பு விசை அந்த விரிவை நிறுத்தி, எல்லாவற்றையும் திரும்ப இழுத்து ஒரே புள்ளியில் நசுக்கும். இதைப் பெருங்குறுக்கம் என்பார்கள். கதைக்கு இது கேட்காமலே கிடைத்த வரம். முடிவுக்கு என்று குறித்த ஒரு நேரம் கிடைத்துவிட்டது. டக்ளஸ் ஆடம்ஸ் 1980-இல் வந்த தன் நாவலில் அந்த நேரத்தைக் கண்ணாடிக் கூரைக்கு வெளியே ஒரு காட்சியாக வைத்து, பார்க்க வருகிறவர்களுக்கு உணவகமே கட்டிவிட்டார். அதைவிட முக்கியம், நசுங்கிய பிறகு மறுபடி வெடித்து இன்னொரு பிரபஞ்சம் பிறக்கலாம் என்ற எண்ணம்.

தமிழில் இதற்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. ஊழி என்றால் நெடிய யுகம். அந்த யுகத்தின் அழிவும் ஊழிதான். பரிபாடலின் இரண்டாம் பாடல், உலகங்கள் பாழ்பட்டு ஊழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிவதைச் சொல்லி, அந்தக் காலத்தை அளக்க நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று எண்களுக்குப் பூவின் பெயரையும் நீரின் பெயரையும் அடுக்குகிறது. கீழே வரப்போகும் எண்களைப் படிக்கும்போது அந்த வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பூஜ்யங்களை எழுதுவதைவிட அது மனதில் நிற்கிறது.

பால் ஆண்டர்சன் 1950-இல் எழுதிய 'ஃப்ளைட் டு ஃபாரெவர்' கதையைக் கட்டாயம் படியுங்கள், உங்கள் மூன்றாவது கேள்விக்கு அது நேரடியான பதில். அவருடைய இயந்திரம் முன்னோக்கி எளிதாக ஓடும். பின்னோக்கி எழுபது ஆண்டுகளை நெருங்கினாலே தேவைப்படும் ஆற்றல் எல்லையில்லாமல் ஏறிவிடும். நூறு ஆண்டு முன்னே போய்விட்ட நாயகனுக்கு வீடு திரும்ப வழியில்லை. அதனால் அவன் முன்னே போய்க்கொண்டே இருக்கிறான். பேரரசுகள் எழுந்து விழுகின்றன, விண்மீன்கள் அணைகின்றன, பிரபஞ்சம் முடிகிறது, மறுபடி பிறக்கிறது, அச்சுப் பிசகாமல் அதே வரலாறு. சுற்றி வந்து தன் வீட்டு வாசலில் இறங்குகிறான். பின்னே போக முடியாதவனுக்கு முன்னே போவதே திரும்பி வருவது. இயற்பியல்படி அதே வரலாறு மறுபடி நடக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனாலும் அந்த வடிவத்தின் அழகு என்னைப் பலமுறை அந்தக் கதைக்குத் திரும்ப அழைத்திருக்கிறது.

அதே ஆண்டர்சன் 1970-இல் 'டௌ ஜீரோ' நாவலில் கால இயந்திரத்தையே கைவிட்டு, ஐன்ஸ்டைனின் சார்பியலை மட்டும் கையில் எடுத்தார். ஐம்பது பேர் கொண்ட கப்பல். வழியில் வேகம் குறைக்கும் கருவி பழுதாகிறது. முடுக்கிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை. ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்கக் கப்பலுக்குள் காலம் மெதுவாகிறது, வெளியே யுகங்கள் ஓடுகின்றன. இது கற்பனை இல்லை, கணக்கு. நாம் தரையில் உணரும் எடையையே தரும் முடுக்கத்தில் ஒரு கப்பல் விடாமல் போனால், பிரபஞ்சத்தின் விரிவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், கப்பலுக்குள் சுமார் 23 ஆண்டுகள் கழிவதற்குள் வெளியே 1,380 கோடி ஆண்டுகள் ஓடியிருக்கும். பிரபஞ்சத்தின் இன்றைய வயது அது. ஒரு மனித ஆயுளில் பாதிகூட இல்லை. எதிர்காலத்துக்குப் போகும் கால இயந்திரத்தை இயற்கை தடை செய்யவில்லை. எரிபொருள்தான் நம்மைத் தடுக்கிறது.

இந்தக் குறுக்கச் சித்திரத்தில் ஒரு விசித்திரமான கேள்வியும் எழுந்தது. பிரபஞ்சம் சுருங்கும்போது காலமும் பின்னோக்கி ஓடுமா? உடைந்த கோப்பை ஒட்டிக்கொள்ளுமா, முதியவர்கள் இளைஞர்கள் ஆவார்களா? ஸ்டீபன் ஹாக்கிங்கே 1985-இல் ஆம் என்று எழுதினார். டான் பேஜ் அதில் பிழை காட்டினார். ஹாக்கிங் அதை ஏற்று, தவறு செய்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். ஒரு சிந்தனையாளர் இப்படிப் பின்வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மரியாதைதான் கூடுகிறது. சுருங்கும் பிரபஞ்சத்திலும் ஒழுங்கின்மை கூடிக்கொண்டேதான் போகும் என்பது இன்றைய புரிதல். எனவே உங்கள் கதையில் யாரும் கல்லறையிலிருந்து எழுந்து பின்னோக்கி நடக்க வேண்டாம்.

1998-இல் இந்த வாசலே அடைபட்டது. தொலைவில் வெடித்த விண்மீன்களை அளந்த இரண்டு தனித்தனிக் குழுக்கள், பிரபஞ்சத்தின் விரிவு மட்டுப்படவில்லை, வேகம் பிடிக்கிறது என்று கண்டன. இதற்காக பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. தள்ளுவது எது என்று தெரியாததால் அதற்குக் கரும் ஆற்றல் என்று பெயர். அது மாறாமல் அப்படியே இருந்தால் குறுக்கம் கிடையாது, மறுபிறப்பும் கிடையாது. 2024-லும் 2025-லும் வெளியான 'டெசி' தொலைநோக்கித் திட்டத்தின் முடிவுகள் அது காலப்போக்கில் வலுக்குறையலாம் என்று கோடிகாட்டியிருக்கின்றன, உறுதியாகவில்லை. ஒரு கதாசிரியருக்கு அந்தச் சிறு சந்தேகமே போதும் என்றாலும், நீங்கள் நேர்வழியிலேயே போவதாக வைத்துக்கொண்டு உங்கள் நாயகியைப் பின்தொடர்கிறேன்.

முதல் நிறுத்தம், இன்றிலிருந்து சுமார் 10,000 கோடி ஆண்டுகள் தள்ளி. நம் பால்வழியும் ஆண்ட்ரோமெடாவும் சுற்றியிருக்கும் சிறு மண்டலங்களும் ஒன்றாகக் கலந்திருக்கும். மற்ற எல்லா விண்மீன் மண்டலங்களும் கண்ணுக்கும் கருவிக்கும் எட்டாத தொலைவுக்குப் போயிருக்கும். அந்தக் காலத்தில் ஒரு வானியலாளர் பிறந்தால், பிரபஞ்சம் என்பது இருட்டில் மிதக்கும் ஒரே ஒரு விண்மீன் தீவு, அது மாறாதது என்று முடிவு செய்வார். அவர் கணக்கு பிழையில்லாமல் இருக்கும், முடிவு தவறாக இருக்கும். பெருவெடிப்பு நடந்ததற்கான சாட்சிகளே அழிந்திருக்கும். 2007-இல் லாரன்ஸ் கிராஸும் ராபர்ட் ஷெரரும் இதை எழுதியபோது என்னை அது வெகுநாள் தூங்கவிடவில்லை. உங்கள் நாயகி அங்கே இறங்கி யாரையாவது சந்தித்தால், தொடக்கம் என்று ஒன்று இருந்ததற்கு அவள் மட்டுமே சாட்சி. அவளை நம்புவார்களா? இதுவே தனி நாவலுக்குப் போதும்.

இரண்டாவது நிறுத்தம், 10-ன் 14-ஆம் அடுக்கு ஆண்டுகள். அதாவது சரியாகக் கோடி கோடி. எரிவாயு தீர்ந்து புதிய விண்மீன்கள் பிறப்பது நின்று, மிகச் சிக்கனமாக எரிந்த செங்குள்ள விண்மீன்களும் அணையும் காலம். ஃபிரெட் ஆடம்ஸும் கிரெகரி லாஃப்லினும் 1997-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கால அட்டவணை இருக்கிறது. இன்றும் எல்லோரும் அதைத்தான் எடுத்தாளுகிறார்கள். 2007-இல் 'டாக்டர் ஹூ' தொடரின் 'யுடோபியா' பகுதி இதே கோடி கோடி ஆண்டை எடுத்துக்கொண்டு, விண்மீன்கள் இல்லாத வானத்தின் கீழே கடைசி மனிதர்களைக் காட்டியது. ஆனால் அப்போதும் எல்லாம் முடிந்துவிடாது. எரியத் தவறிய பழுப்புக் குள்ளங்கள் எப்போதாவது மோதிக்கொண்டு ஒரு புதிய சிறு விண்மீனை மூட்டும். கும்மிருட்டில் எங்கோ ஒரு சிவப்புப் பொட்டு. அவள் அதைப் பார்த்தால் அது எத்தனை அரிய காட்சி என்று வாசகருக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

அதன் பிறகு விண்மீன் பிணங்கள் ஒவ்வொன்றாக மண்டலத்தை விட்டுத் தூக்கியெறியப்படும், அல்லது நடுவிலிருக்கும் கருந்துளைக்குள் விழும். இங்கே வேகமாகக் கடந்துவிடலாம், பார்க்க அதிகம் இல்லை.

மூன்றாவது நிறுத்தம் கருந்துளைகளின் காலம். அவையும் நிரந்தரம் இல்லை என்று ஹாக்கிங் 1974-இல் காட்டினார். மிக மிக மெதுவாக ஆவியாகும். சூரியன் அளவு எடையுள்ள கருந்துளை தீர 10-ன் 67-ஆம் அடுக்கு ஆண்டுகள். மிகப் பெரியவை தீர 10-ன் 100-ஆம் அடுக்கு வரை ஆகலாம். மற்ற கட்டங்களை எல்லாம் இதோடு ஒப்பிட்டால், விண்மீன்கள் எரிந்த காலம் நூலின் முதல் எழுத்தின் முதல் வளைவுகூட ஆகாது. அந்த ஆவியாதலின் முடிவு மட்டும் மெதுவானதல்ல. கடைசி ஒரு நொடியில் இருநூறு டன்னுக்கும் மேற்பட்ட பொருள் முழுவதும் ஆற்றலாகிச் சிதறும். உங்களுக்கு ஒரு 'கடைசி நாள்' வேண்டுமென்றால், நேர்மையாகக் கிடைக்கக்கூடியது இதுதான்: கடைசிக் கருந்துளையின் கடைசி நொடி. அந்தப் பளிச்சிடல், பிறகு எதுவும் இல்லை. அது கடைசி என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்பதை மட்டும் நீங்கள் தீர்க்க வேண்டும். அவள் தொடுவானத்துக்கு, அதாவது ஒளி அவளை வந்தடையக்கூடிய எல்லைக்கு, அப்பால் இருப்பதை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது.

அதற்குப் பின் இருப்பது மெலிந்த ஒளித்துகள்களும் நியூட்ரினோக்களும், எங்கோ ஓர் எலெக்ட்ரானும். புரோட்டான்கள் தாமாகச் சிதையுமா என்று ஜப்பானில் உள்ள 'சூப்பர் காமியோகாண்டே' ஆய்வுக்கூடம் வெகுகாலமாகக் காத்திருக்கிறது. இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. அவை சிதையும் என்றால், அந்த இருட்டில் ஒரு கல்கூட மிஞ்சாது.

இங்கேதான் உங்கள் இயந்திரம் தத்தளிக்க வேண்டும். காலம் ஒரு திசையில் போகிறது என்று நமக்கு எப்படித் தெரிகிறது? ஒழுங்கு குலைவதை வைத்து. பால் காப்பியில் கலக்கும், பிரிந்து வராது. 1870-களில் போல்ட்ஸ்மன் இதற்குக் காரணம் சொன்னார்: கலைந்த நிலைகள் எண்ணற்றவை, ஒழுங்கான நிலைகள் சொற்பம். எடிங்டன் 1920-களின் இறுதியில் இதற்குக் 'காலத்தின் அம்பு' என்று பெயர் வைத்தார். எல்லாம் கலைந்து முடிந்த இடத்தில் அம்புக்குக் கூர்மை இல்லை. நேற்று, நாளை என்ற சொற்களுக்கு அங்கே பொருள் இல்லை. ரோஜர் பென்ரோஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கடிகாரம் செய்ய நிறையுள்ள பொருள் வேண்டும். நிறையற்ற ஒளித்துகளுக்குக் காலமே ஓடுவதில்லை. நிறையுள்ள எல்லாம் மறைந்து ஒளி மட்டும் மிஞ்சினால் பிரபஞ்சம் தன் அளவையே மறந்துவிடும், அந்த மறதியே அடுத்த பிரபஞ்சத்தின் பெருவெடிப்பாகும் என்பது அவர் 2010-இல் நூலாக எழுதிய கருத்து. பெரும்பாலானோர் அதை ஏற்கவில்லை. ஆனால் கடிகாரத்துக்கு நிறை வேண்டும் என்ற வாக்கியத்தை நான் மறந்ததே இல்லை.

'எனக்கு மெதுவான சாவு வேண்டாம், ஒரு முழக்கத்தோடு முடியட்டும்' என்றால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பெருங்கிழிவு. கரும் ஆற்றல் வலுத்துக்கொண்டே போனால் எல்லாமே கிழியும் என்று 2003-இல் கால்டுவெல்லும் அவர் சகாக்களும் கணக்கிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் முடிவு 2,200 கோடி ஆண்டுகள் தள்ளி. அதற்கு ஆறு கோடி ஆண்டு முன் பால்வழி பிரியும், மூன்று மாதம் முன் கோள்கள் சூரியனை விட்டுப் போகும், அரை மணி முன் பூமி சிதறும். நிமிடக் கணக்கில் பதற்றம் தரும் ஒரே முடிவு இது. இன்னொன்று வெற்றிடச் சிதைவு: வெற்றிடமே வேறொரு நிலைக்கு மாறி, அந்த மாற்றம் ஒளியின் வேகத்தில் குமிழியாகப் பரவும். அதை முன்கூட்டிப் பார்க்க முடியாது, ஒளியோடு சேர்ந்தே வரும். பார்க்க முடியாத முடிவு கதைக்கு உதவாது என்பது என் எண்ணம்.

இனி திரும்பி வருவது. இதைத்தான் பெரும்பாலான கதைகள் யோசிக்காமல் விட்டுவிடுகின்றன. பின்னோக்கிப் போகும் இயந்திரம் ஒன்று இருந்தால், பிரபஞ்சத்தின் முடிவில் வாழ்பவர்கள் ஏன் அங்கேயே இருந்து சாக வேண்டும்? ஒவ்வொருவரும் விண்மீன்கள் எரிந்த காலத்துக்கு ஓடி வந்துவிடலாமே. அப்படியானால் நம் வானம் இப்போதே அகதிகளால் நிறைந்திருக்க வேண்டாமா?

1988-இல் இயற்பியலாளர்கள் மோரிஸ், தோர்ன், யுர்ட்செவர் மூவரும் புழுத்துளையை, அதாவது வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியை, கால இயந்திரமாக்கும் வழியை எழுதினார்கள். அதில் ஒரு நிபந்தனை தானாகவே வந்து விழுகிறது: இயந்திரம் இயங்கத் தொடங்கிய நாளுக்கு முன்னால் யாராலும் போக முடியாது. நமக்கு விருந்தாளிகள் வராததற்கு இது போதிய விளக்கம். ஆனால் இதைக் கதையாக யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவர் முதல் இயந்திரத்தை இயக்குகிறார். அந்தக் கணமே, அதற்குப் பிறகான எல்லா யுகங்களின் கடைசி மனிதர்களுக்கும் அதுதான் மிகப் பழைய வாசல். கோடி கோடி ஆண்டுகளின் குளிரில் நின்றவர்கள் எல்லோரும் அதே நாளில், அதே வாசலில் வந்து நிற்பார்கள். இயக்கியவர் என்ன செய்வார்? மூடுவாரா? இதை யாராவது எழுத வேண்டும் என்று நான் வெகுகாலமாக ஆசைப்படுகிறேன், உங்களுக்கே தருகிறேன்.

அதற்கு இயற்கை விதிக்கும் கட்டணமும் உண்டு. புழுத்துளைக்குள் ஒரு பொருள் நுழைந்தால் நுழைவாயின் நிறை கூடும். வெளிவரும் வாயின் நிறை அதே அளவு குறையும். ஒவ்வொரு அகதியும் வெளிவரும்போது வாசல் இளைக்கிறது. எத்தனை பேரை அது தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கும். ஹாக்கிங்கோ 1992-இல், இயற்பியல் விதிகள் இப்படிப்பட்ட இயந்திரம் உருவாகவே விடாது என்று கருதினார். அவர் சொன்னது நிரூபிக்கப்படவில்லை, மறுக்கப்படவும் இல்லை.

ஐசக் அசிமோவ் இந்த ஆற்றல் கணக்கை இரண்டு விதமாகத் தொட்டார். 1955-இன் 'தி எண்ட் ஆஃப் எடர்னிட்டி' நாவலில் காலத்துக்கு வெளியே வாழும் அமைப்பு, தொலை எதிர்காலத்தில் வெடிக்கும் சூரியனிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. சூரியன் அப்படி வெடிக்காது. ஆனாலும் முடிவை எரித்து வரலாற்றை ஓட்டுகிற அந்த யோசனை பிரமாதம். மறு வருடம் எழுதிய 'தி லாஸ்ட் கொஸ்டின்' கதையில் கால இயந்திரமே இல்லை. ஒழுங்கின்மையைத் திருப்ப முடியுமா என்ற ஒரே கேள்வி யுகம் யுகமாக ஒரு கணிப்பொறியிடம் கேட்கப்படுகிறது. காலத்தில் பின்னே போவதும் சிதறியதைத் திரும்பச் சேர்ப்பதும் ஒரே ஆசையின் இரண்டு பெயர்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஓடி வராமல் அங்கேயே தாக்குப்பிடிக்க முடியுமா? 1979-இல் ஃப்ரீமன் டைசன் முடியும் என்றார். உயிர்கள் நீண்ட உறக்கத்தில் ஆழ்ந்து, இடையிடையே விழித்து, மேலும் மேலும் மெதுவாகச் சிந்தித்தால், கைவசமுள்ள குறைந்த ஆற்றலைக் கொண்டே எண்ணற்ற எண்ணங்களை எண்ணலாம். நான் படித்த அறிவியல் கட்டுரைகளிலேயே மிகவும் நம்பிக்கை தந்தது அது. 1998-இன் கண்டுபிடிப்புக்குப் பிறகு அந்த வாதம் எடுபடவில்லை. முடுகி விரியும் வெளிக்கு அதற்கென்று ஒரு வெப்பநிலை உண்டு, ஒரு கெல்வினை (வெப்பநிலை அலகு) 10-ன் 30-ஆம் அடுக்கால் வகுத்தால் வருகிற அளவு. அதற்குக் கீழே எதுவும் குளிர முடியாது. குளிர முடியாததால் மேலும் மெதுவாகவும் முடியாது. உறக்கத்துக்கு ஓர் அடித்தளம் வந்துவிட்டது.

இப்போது உங்கள் நாயகியை அந்த இருட்டில் நிறுத்துவோம். வெல்ஸின் கடற்கரை ஏன் பொய்யாகவில்லை என்று சொல்வதாகச் சொன்னேன். அந்தக் காட்சியில் உலகத்தின் கடைசி வெப்பம் சூரியனிடம் இல்லை. குளிரில் நடுங்கியபடி இயந்திரத்தின் இருக்கையில் ஏறித் திரும்பத் தவிக்கும் அந்த மனிதரின் உடலில்தான் இருக்கிறது. கணக்கெல்லாம் தவறாகிப் போன பிறகும் அது சரியாகவே இருக்கிறது. உங்கள் நாயகி சும்மா நின்றாலே அவள் உடல் சுமார் நூறு வாட் வெப்பம் வெளியிடும். அவள் தொடுவானத்துக்குள் அவளைவிடப் பிரகாசமான பொருள் எதுவும் இருக்காது. கையிலுள்ள டார்ச்சை அவள் அடித்தால் அந்த ஒளி எதன்மீதும் படாமல் போய்க்கொண்டே இருக்கும். அதன் அலைநீளம் சுமார் 1,200 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். முடிவைப் பார்க்கப் போனவள் அங்கே பார்வையாளர் இல்லை. எதுவுமே நடக்காத இடத்தில் நடக்கிற ஒரே நிகழ்ச்சி அவள்தான். அவள் மூச்சுக்கு முன், மூச்சுக்குப் பின் என்று அங்கே மறுபடி ஒரு வரிசை பிறந்துவிடுகிறது.

எனவே அவள் சொல்லும் வசனங்களைக் குறைத்துவிட்டு, எதைக் கொண்டுபோகிறாள், எதை விட்டுவிட்டு வருகிறாள் என்பதை எழுதுங்கள். என்னைக் கேட்டால் சாவி கொடுக்கும் பழைய கடிகாரம் ஒன்றை அவள் அங்கே விட்டுவரட்டும். எண்ணெய் போடாத கடிகாரமாக இருக்கட்டும், அந்தக் குளிரில் எண்ணெய் உறைந்துவிடும். வில் தளர்கிற வரை அந்தப் பிரபஞ்சத்தில் நேரம் இருக்கும். எத்தனை சுற்று சாவி கொடுக்கிறாள் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.